கோடியக்கரையில் மாணவர்களோடு ஒரு பகல்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையானது பழவேற்காட்டிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வந்து, காவிரிப் பாசனத்தின் கடைமடை வயல்களையும் தாண்டியபின், சட்டென்று மேற்கே திரும்புகின்ற மூலையில், ஒரு புறம் வங்காள விரிகுடாவும் மற்றொரு புறம் பாக் நீரிணையும் சூழ அமைந்திருக்கிறது கோடியக்கரை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்தவர்களுக்கு இந்த ஊரை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமில்லை, பூங்குழலி படகு செலுத்திய கரையும், வந்தியத்தேவன் சேற்றுக் குழியில் சிக்கித் தவித்த இடமும், குழகர் கோயிலும் 1950ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் வாசகர்களின் மனக்கண்முன் நின்றவை. சுந்தரரும் இத்தலத்துக்கு வந்து, இக்கடற்கரையில் துணையின்றித் தனித்திருப்பது ஏன் என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடிச் சென்றார். ஆனால் தை மாதத்தில் ஒரு பகற்பொழுது அங்கே சஞ்சரித்துப் பார்ப்பவர்களுக்கு, அந்தக் கரை தனிமையான கரை என்று சொல்ல மனம் வராது.

வெளிமான்களைக் காக்கும் உத்தேசத்துடன் 1967ஆம் ஆண்டில் இவ்விடம் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. பின்னர், ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரத்திலுள்ள ராம்சார் என்னும் நகரில் 1971ஆம் ஆண்டு பல தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ஜாபிதா ஒன்று தயாரிக்கப்பட்டு வருகிறதல்லவா, அதில் 2002ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக இடம்பெற்றதும் இப்பிரதேசமே. கோடியக்கரைக் காடு, வேதாரண்யம் சதுப்பு நிலம், மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு ஆகிய மூன்றும் சேர்ந்து 385 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள இந்த ஈரநிலத்தில், 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டிருக்கின்றன. கல்லூரிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் மாணவர் குழுக்கள் இங்கே ஒரு நாள் பிரயாணமாக வந்து போவது வழக்கம். அப்படி வந்த விலங்கியல் மாணவர் குழு ஒன்றுடன் நானும் சேர்ந்துகொள்ள நேர்ந்தது.

விடியற்காலையில் திருத்துறைப்பூண்டியைக் கடந்து வேதாரண்யம் போய்ச் சேர்ந்த பேருந்து, அங்கிருந்து தெற்கே திரும்பியதும் அகஸ்தியம்பள்ளியின் உப்பளங்கள் சாலையின் இரு மருங்கிலும் விரிந்தன. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர் படை, கால்நடையாக வேதாரண்யம் வந்து, அம்மாதம் 30ஆம் தேதி சட்டத்தை மீறி உப்பு அள்ளிய இடம் இதுவே என்பதற்கு அடையாளமாக நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. மாணவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய ஆசிரியர் தூணுக்குப் பின்னால் கைகாட்டினார். மழைக்காலம் கழிந்து புதிய பருவத்துக்காகத் தொழிலாளர்கள் பாத்திகளை மிதித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சற்றுத் தூரத்தில், இன்னும் ஆழம் வற்றாத தேக்கப் பாத்தியில், நெடுங்கால் உள்ளான்கள் தம் சிவந்த கால்களை நிதானமாகத் தூக்கி வைத்து இரை தேடிக்கொண்டிருந்தன. உப்புநீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்டவைக்கும் இந்தத் தொழிலில், ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு அளவு உப்புக் காரம் உண்டு. உப்பு படியும் கடைசிப் பாத்தியில் எந்தப் பறவைக்கும் ஆகாரம் இல்லை, ஆனால் அதற்கு முந்திய பாத்திகளில் உப்புநீர் இறால் என்னும் சிற்றுயிர் பெருகிப் பறவைகளுக்கு விருந்தாகிறது. மனிதன் தன் சமையலுக்காக அமைத்துக்கொண்ட தொழிற்கூடமும், பறவைக்கு இரை கிடைக்கும் நீர்நிலையும் ஒரே இடமாக இருக்கலாம் என்பது, சரணாலயத்தின் வாயிலை எட்டுமுன்பே அவர்களுக்குக் கிடைத்த முதல் பாடம்.

கோடியக்காட்டில் அனுமதி பெற்று உள்ளே நுழைந்தால், மலைநாட்டு வனங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது காடுதானா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. இங்கே வானளாவிய மரங்கள் இல்லை; கடற்காற்றால் தடித்துக் குறுகிய பாலை மரங்களும், அவற்றைப் பின்னிப் படர்ந்த முட்கொடிகளும், மூலிகைச் செடிகளுமாக, ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட அடர்த்தியே தென்படுகிறது. ஆயினும், ஆண்டின் பெரும்பகுதியில் மழையின்றி வறண்டு கிடந்தும் இலை முழுவதையும் ஒருபோதும் உதிர்க்காத இந்த உலர் பசுமைமாறாக் காடு, முன்பு சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் இருந்து, இன்று கோயில் காடுகளாகவும் சிறு திட்டுகளாகவும் மட்டும் எஞ்சியிருக்கின்ற அபூர்வமான வகையைச் சேர்ந்தது. அதன் மிகப் பெரிய எச்சங்களில் ஒன்று கோடியக்கரையில்தான் இருக்கிறது.

காடு விலகிப் புல்வெளி தொடங்கும் இடத்தில், எங்களுடன் வந்த வனக்காவலர் கையை உயர்த்தி அனைவரையும் நிறுத்தினார். “அங்க பாருங்க தம்பி, கறுப்பா நிக்குதே, அதுதான் கெடா. கிட்டப் போவாதீங்க, நாம நின்னா அதுவும் நிக்கும்” என்றார். முறுக்கிய கொம்புகளும், முதுகு கறுத்து வயிறு வெளுத்த மேனியுமாக ஓர் ஆண்மான் நடுவில் நிற்க, கொம்பில்லாத பழுப்பு நிறப் பெண்மான்கள் அதைச் சுற்றிலும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மாணவர் படமெடுக்கும் ஆசையால் சற்று முன்னே நகர்ந்ததும், எங்கிருந்தோ ஓர் ஆள்காட்டிக் குருவி கிளம்பிக் கூச்சலிட, மான்கள் அத்தனையும் ஒரே கணத்தில் தலைநிமிர்ந்து, வரிசையாகத் துள்ளி, வெளியின் மறுகோடிக்குப் போய்விட்டன. திறந்த வெளியில் வாழும் இந்த மானுக்குக் கண்ணும் காலுமே அரண். ஒளிந்துகொள்ளப் புதர் வேண்டுவதில்லை, ஓடுவதற்கு வெளிதான் வேண்டும். அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் ஆக்கிரமித்து வருகிறது. அதன் இனிப்பான காய்களைத் தின்னும் கால்நடைகளும், இங்கே காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும், செரிக்காத விதைகளைச் சாணத்தோடு போகுமிடமெல்லாம் விதைத்துவிடுகின்றன. “குதிரைங்க இங்க எப்படிண்ணே வந்துச்சு?” என்று ஒரு மாணவி கேட்டதற்கு, “எந்தக் காலத்துலயோ யாரோ வளத்து விட்டதுதாம்மா. இப்ப அதுக்குச் சொந்தக்காரங்க யாரும் கெடையாது” என்றார் காவலர். பார்வைக்கு மிகவும் அழகான அக்குதிரைகள், மானின் புல்லைப் பங்குபோடுவதோடு, மானின் புல்வெளியையே முள்வெளியாக்கும் காரியத்துக்கும் துணைபோகின்றன, குற்றமோ அவற்றினுடையதன்று.

அங்கிருந்து இராமர் பாதம் என்னும் மணல்மேட்டுக்குப் போனோம். இலங்கையை நோக்கி நின்ற இராமபிரானின் திருவடிச் சுவடுகள் என்று பக்தர்கள் வணங்கும் கல்லைத் தாங்கிய இந்த மேடு, கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ளதாயினும், தட்டையான இந்தப் பிரதேசத்தில் இதைவிட உயர்ந்த இடம் வேறில்லை. மேலேறி நின்றால் காடும் சதுப்பும் ஒருசேரக் கண்ணுக்குப் புலனாகும். இத்தகைய மேடுகளைக் காற்று கொண்டுவந்து குவிக்கிறது. குவித்ததைக் காற்றே கலைத்துவிடாமல் பிடித்துவைப்பவை செடிகள். ஊதா நிறப் பூக்களோடு தரையில் நெடுந்தூரம் ஓடும் அடம்பங்கொடி, ஓடிய இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைத் தைத்துவிடுகிறது. கடலோர மணலிலே வளரும் இராவணன் மீசை என்ற முரட்டுப் புல், தன் விதைகளை உருண்டையான முட்கதிராகத் திரட்டிக் காற்றில் உருட்டிவிட, அது தங்கிய இடத்தில் அடுத்த மணல்திட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறது. இராமரின் பாதத்தைத் தாங்கும் இம்மணல் பூமியில் இராவணனின் மீசைக்கும் காவல் உத்தியோகம் உண்டு என்று ஆசிரியர் சொல்லக் கேட்டு மாணவர்கள் சிரித்தார்கள்.

மதியம் பாலை மரத்து நிழலில் புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்து உண்டபின், ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார். இன்று கண்டவற்றுள் இந்தச் சரணாலயத்தில் இருப்பதும், ஆனால் இந்தச் சரணாலயத்தில் தோன்றாததுமான ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பதே அது. “குதிரை, சார்!” என்று ஒருவரும், “கருவேலம்” என்று மற்றொருவரும் உடனே சொன்னார்கள். “அது சுலபமான பதில், இன்னும் யோசியுங்கள்” என்று அவர் நிறுத்திவிட்டார். சுற்றுலா என்பது வேடிக்கை பார்த்துத் திரும்புவதாகவே முடிந்துவிடாமல் காப்பதற்கு, விளக்கங்களை அடுக்குவதைக்காட்டிலும் இவ்வாறு ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புவதே சிறந்த யுக்தி என்று எனக்குத் தோன்றியது.

பிற்பகலில் முனியப்பன் ஏரியின் கரையில், பூநாரைகள் தொலைவில் ஒரு வெண்கோடாகத் தெரிந்தன. சிவந்த பறவைகளை எதிர்பார்த்து வந்த மாணவர்களுக்கு முதலில் சிறிது ஏமாற்றமே. ஆனால் பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தபோது, ஒரு பறவை சிறகை விரித்த கணத்தில், உள்ளே மறைந்திருந்த செந்நிறம் பளீரென்று வெளிப்பட்டது. அந்த நிறம் பிறவியில் வந்ததன்று. பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள நிறமிப் பொருள், உணவின் வழியே உடலில் சேர்ந்து சிறகில் ஏறுகிறது. ஆகையால்தான் இளம் பறவைகள் சாம்பல் பூத்தவையாக இருக்கின்றன. பூநாரை உண்ணும் விதமும் விசித்திரமானது. நீண்ட கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழாக நீரில் அமிழ்த்தி, தடித்த நாக்கை விரைவாக முன்னும் பின்னும் அசைத்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் சீப்புப் பற்களைப்போல் நெருங்கியமைந்த தகடுகள் நீரையும் சேற்றையும் போகவிட்டு உணவை மட்டும் தடுத்து நிறுத்திக்கொள்ளும். நம் நாட்டில் அது பெருங்கூட்டமாகக் கூடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம், மேற்கே வெகு தூரத்திலுள்ள கட்ச் பிரதேசத்து உப்புவெளி.

பூநாரையின்மேல் எல்லோருடைய கண்ணும் இருக்க, எங்கள் காலடிக்குச் சற்று அப்பால், ஈரச் சேற்றின் விளிம்பில், ஒரு கைக்குள் அடங்கிவிடக்கூடிய சிறு பறவைகள் ஓடி ஓடிக் குத்திக்கொண்டிருந்தன. கொசு உள்ளான் என்பது அதன் பெயர். எடை சுமார் 25 கிராம். கோடையில் வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து இச்சேற்றை வந்தடைகிறது. இவ்வளவு சிறிய உயிர் இவ்வளவு தூரம் வருகிறது என்பதற்கு என்ன பிரமாணம்? காலில் மாட்டிய வளையம்தான் பிரமாணம். நம் நாட்டில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் பணி பெரிய அளவில் தொடங்கியதற்குக் காரணம் ஒரு காய்ச்சல் என்ற சங்கதி மாணவர்களை வியக்கவைத்தது. 1957ஆம் ஆண்டில் அன்றைய மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், க்யாசனூர்க் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் இனந்தெரியாத காய்ச்சலுக்கு இரையாக, அதன் கிருமி ரஷ்யாவில் உண்ணிகளால் பரவும் நோய்க்கிருமியை ஒத்திருக்கக் கண்டு, வலசை வரும் பறவைகள் அதைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் டாக்டர் சாலிம் அலி 1959ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். பறவைகள்மீது சாட்டப்பட்ட குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த வியாஜத்தால் தொடங்கிய வேலை நிலைத்துவிட்டது, கோடியக்கரை அதன் முக்கியக் கேந்திரங்களுள் ஒன்றாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, அளந்து, நிறுத்து, எண்ணும் பம்பாய் விலாசமும் பொறித்த இலேசான உலோக வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிடுவார்கள். இந்த நுட்பமான வேலைக்கு, பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்த பீகாரின் மீர்ஷிகார் வகுப்பாரையே அழைத்து வந்து, வேட்டையில் தேர்ந்த கைகளை விஞ்ஞானத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது, இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மாலையில் கடற்கரைக்கு வந்தோம். வடகிழக்குப் பருவமழையோடு தொடங்கி மாசி பங்குனி வரையில் நடக்கும் சீசனுக்காக, நாகப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து மீனவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். காலாவும் வாவலும் நண்டும் ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. பறவைகளைப்போலவே இவர்களும் பருவத்தில் வந்து பருவத்தில் திரும்புகிறவர்கள். அவர்கள் வருகின்ற அதே மாதங்களில்தான் பங்குனி ஆமையும் கரையேறுகிறது. இரவில் மணலில் குழி பறித்து நூறு முட்டைகளுக்குமேல் இட்டு மூடிவிட்டு அது கடலுக்குத் திரும்பிவிட, வனத்துறையினர் முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் பெருகும் என்பதனால், பூமி வெப்பமடைவது இதன் சந்ததியையே ஒருபாலாக்கிவிடக்கூடும். நுரையீரலால் மூச்சுவிடும் பிராணியாதலால், இழுவலையில் சிக்கினால் மேலெழுந்து மூச்சுவாங்க வழியின்றி இறந்துபோகிறது. கரையில் சிறிது தூரம் நடந்தபின், சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் எச்சம் நின்ற திசையைக் காவலர் காட்டினார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதியின் சுனாமியில் அது இடிந்துவிட்டது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யத்தையொட்டிக் கரைகடந்த கஜா புயலோ காட்டுக்குள்ளேயே புகுந்து, மரங்களை ஏராளமாகச் சாய்த்து, மான்களையும் குதிரைகளையும் கொன்றது.

பேருந்தில் திரும்பும்போது மாணவர்கள் தம் குறிப்பேடுகளைப் படித்தார்கள். கொசு உள்ளானையும் பூநாரையையும் பலர் எழுதியிருந்தார்கள்; மீனவர்களை எழுதியவர் ஒருவர். நன்னீர் என்று எழுதியிருந்தார் கடைமடைக் கிராமத்து விவசாயியின் மகளான ஒரு மாணவி. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிந்ததிலிருந்து காவிரியின் நீர் கணக்குப் பார்த்தே விடப்படுகிறது. பாமணியாறும் கோரையாறும் வயல்களுக்குப் பாய்ந்து மிஞ்சியதை முத்துப்பேட்டைக் காயலில் கொண்டுபோய்ச் சேர்க்க, அந்த நன்னீர் உப்புநீரோடு கலக்கும் விகிதத்தைப் பொறுத்தே அலையாத்தி மரங்களும் இறாலும் மீன்குஞ்சும் செழிப்பதும் மெலிவதும். தன் ஊருக்கே தண்ணீர் எட்டாத ஆண்டுகளில் காட்டுக்கு எங்கிருந்து எட்டும் என்று அவர் கேட்டார். ஆசிரியர் விரும்பிய பதில் அதுவே போலும். சரணாலயத்துக்கு எல்லைக்கல் நட்டுக் காவல் போடுவது அவசியமானாலும், அதன் உயிர் அந்தக் கற்களுக்குள் அடங்கியிருக்கவில்லை, குடகு மலையின் மழையிலும், வடதுருவத்துக் கோடையிலும், உப்பளத்துக் கூலியாளின் கைவேலையிலும் பரவியிருக்கிறது என்பதை, விரிவுரையின்றி அவர்களே கண்டுகொண்டார்கள்.

மாணவர்களை அழைத்துப் போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார்த்திகை முதல் மாசி வரையில் பறவைகளுக்கு உகந்த காலம். பகட்டான நிறமில்லாத உடை, தண்ணீர், தொப்பி, குழுவுக்கு நாலைந்து பைனாகுலராவது வேண்டும். ஒரு கூட்டத்தை ஒருமுறை விரட்டிப் பறக்கவிடுவது நமக்குச் சில விநாடி வேடிக்கை. பறவைக்கோ, திரும்பும் பிரயாணத்துக்காக உடம்பில் சேமித்துவைத்த கொழுப்பின் வீண் செலவு. சில உள்ளான் இனங்கள் புறப்படுமுன் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்கின்றன என்றால், அச்சேமிப்பின் அருமை விளங்கும். முடிந்தால் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே கரையில் நின்று, கண்டவற்றை எண்ணி எழுதிவையுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வனத்துறையின் கணக்கெடுப்புகளிலும் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு வருஷத்துக் குறிப்பு எழுதியவருக்கு மட்டுமே பயன்படும். பத்து வருஷத்துக் குறிப்புகள் சேர்ந்தால், பறவை குறைகிறதா, எந்த இனம் குறைகிறது என்று கேட்பவர்களுக்குக் காட்டச் சான்றாகும். நான் உடன் சென்ற குழுவினர் தம் குறிப்பேடுகளைத் தங்கள் விலங்கியல் துறையின் நூலகத்தில் வைத்துவிட்டார்கள். அடுத்த தை மாதம் போகிறவர்கள் அதே ஏரிக்கரையிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு.